குறைகள்: பூஜ்யம்

செம்பாறை நகரத்தில் தினமும் காலை ஆறு மணிக்கு எல்லோருடைய இதயமும் ஒன்றரை நொடி நிற்கும்.

அதற்காக அங்கே யாரும் பதறுவதில்லை. ஆறு மணி நெருங்கும்போது அடுப்பைத் தணிப்பார்கள். படியேறிக்கொண்டிருப்பவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொள்வார்கள். சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கணவனும் மனைவியும் கூட, "இரு, நின்னுட்டு வரட்டும்" என்று விட்டுவிட்டு அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இதயம் மறுபடி ஓடத் தொடங்கியதும் நெஞ்சை இரண்டு முறை தட்டிக்கொள்வது வழக்கம். இரண்டு தட்டு என்றால் நன்றி. யாருக்கு நன்றி என்று கேட்டால் சிலர் நகர சபைக்கு என்பார்கள், சிலர் கடவுளுக்கு என்பார்கள். பெரும்பாலோர் யோசித்ததே இல்லை.

செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் பாதி கூடக் கிடையாது. இரத்தத்தை மேலே தள்ள இதயம் அங்கே பாடுபட வேண்டியதில்லை; பாடுபடாத இதயம் சோம்பிப்போகும். ஆகவே வந்திறங்கிய வாரத்திலேயே ஒவ்வொருவர் இதயத்திலும் அரிசி அளவில் ஒரு நாடிமணியைப் பதித்துவிடுவார்கள். அது இதயத்தை அதட்டி வேலை வாங்கும். ஆனால் செவ்வாயின் நாள் பூமியின் நாளைவிட முப்பத்தொன்பது நிமிடம் நீளம். உடம்பு பழைய கணக்கில் ஓடப் பார்க்கும், நாடிமணி புதிய கணக்கில் இழுக்கும். இந்த இழுபறியில் சேரும் பிசகைத் தினமும் கழித்தாக வேண்டும். அதற்குத்தான் அந்த ஒன்றரை நொடி.

இதைச் செய்யும் நிரலுக்குப் பெயர் ஒருகணம். அது திறமூல நிரல். அதாவது யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கும். தொடக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து எழுதினார்கள். ஒருவர் இறந்துபோனார். ஒருவர் பூமிக்குத் திரும்பினார். ஒருவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, தூங்கவே நேரமில்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தவள் நிறைமதி.

நிரல் துருப்பிடிக்காதே, ஒருமுறை எழுதினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிரல் துருப்பிடிப்பதில்லைதான். அதைச் சுற்றியிருப்பவை மாறிக்கொண்டே இருக்கும். புது வகை நாடிமணி வரும், நகரக் கடிகாரத்தை மாற்றுவார்கள், செவ்வாயிலேயே பிறந்த குழந்தையின் இதயம் யாரும் எதிர்பாராத தாளத்தில் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருகணத்தில் ஒரு வரியாவது திருத்த வேண்டும். நிறைமதி பகலில் பாசித்தொட்டியில் எட்டு மணி நேரம் கூலிக்கு உழைத்தாள். மற்ற நேரத்தில் அறுபத்தோராயிரம் இதயங்களைப் பார்த்துக்கொண்டாள். அதற்கு அவளுக்குக் கிடைத்தது தினமும் அறுபதாயிரத்துச் சொச்சம் நன்றி. ஆமாம், அந்த இரண்டு தட்டுகளும் நாடிமணி வழியாக அவள் திரைக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

நிரலின் பக்கத்தில் 'விருப்பமிருந்தால் உதவலாம்' என்று ஒரு உண்டியலும் வைத்திருந்தாள். பதினோரு வருடத்தில் சேர்ந்ததைக் கொண்டு ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினாள். நல்ல செருப்புதான்.

அவளுடைய கணவன் ஞானதுரை நான்கு வருடம் நான்கு மாதத்துக்கு முன்பே தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டான். அவனுக்கு எலும்பு தேயத் தொடங்கியிருந்தது. "அடுத்த கப்பல்ல வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பியவள், அடுத்த கப்பல் வந்தபோது புது வகை நாடிமணி வந்திருந்ததால் போகவில்லை. கப்பல் இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறைதான் புறப்படும். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் செவ்வாயில் வாழ்ந்தவர்களைப் பூமிக்கு ஏற்றிச் செல்வதில்லை. அவர்கள் எலும்பு பூமியின் ஈர்ப்பைத் தாங்காது. நிறைமதிக்குப் பதினோரு வருடம் முடிந்திருந்தது. இந்தக் கப்பலை விட்டால் அவளுக்கு வேறு கப்பல் இல்லை.

பூமியில் உட்கார்ந்துகொண்டு ஒருகணத்தைப் பார்த்துக்கொள்ளவும் முடியாது. ஒரு செய்தி போய்ப் பதில் வர நாற்பது நிமிடம் வரை ஆகும். நின்ற இதயம் நாற்பது நிமிடம் காத்திருக்காது.

ஆகவே அவள் நகர சபைக்கு ஒரு மனு எழுதினாள். தனக்கு எதுவும் கேட்கவில்லை. தன் இடத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். மனுவோடு வழக்கமான ஆண்டறிக்கையையும் இணைக்க வேண்டும். அதில் 'குறைகள்' என்று ஒரு கட்டம் இருக்கும்.

காற்றுத் துறையில் வேலை பார்க்கும் கோதண்டம் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அவளுக்குப் பக்கத்து வீடு.

"என்ன தங்கச்சி இது, பூஜ்யம்னு போட்டிருக்கே?"

"பூஜ்யம்தானேண்ணே. பதினோரு வருஷத்துல ஒரு நாள் கூட பிசகினதில்லையே."

"அதை ஏன் வெளியில சொல்றே? எங்க துறையைப் பாரு. பதினேழாம் நம்பர் விசிறி பன்னெண்டு வருஷமா ஓடலை. அதைச் சரி பண்ண ஒரு ஸ்க்ரூ போதும். யாராவது கை வெப்பமா? அந்த விசிறியாலதான் எங்க நாப்பத்திரண்டு பேருக்கும் சோறு. உருப்படியா ஒரு குறையாவது எழுதும்மா."

"இல்லாததை எப்படிண்ணே எழுதறது?"

"இல்லேன்னா உண்டாக்கு. ஒரு நாள் ரெண்டு நொடி நிக்க விடு. ஒருத்தனும் செத்துட மாட்டான்."

நிறைமதி சிரித்தாள். அப்படிச் செய்ய அவளுக்குக் கை வராது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கை வந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியே வந்திருக்காது.

நகர சபைத் தலைவர் முகுந்தன் நல்ல மனிதர். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க சேவையை நாங்க மறக்கவே இல்லைம்மா. தினமும் ரெண்டு தட்டு தட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா நிதியை நாங்க குறையைப் பாத்துத்தான் ஒதுக்கறோம். உங்க கட்டத்துல பூஜ்யம் இருக்கு. பூஜ்யத்துக்கு நான் எப்படிம்மா பணம் ஒதுக்கறது?"

"பூஜ்யமா இருக்கறதுக்குத்தாங்க ஆள் வேணும்கறேன்."

"அது சரி. ஆனா நல்லா ஓடற ஒண்ணுக்கு எதுக்குச் செலவுன்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

அதற்குப் பதில் எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்து அவள் ஒருகணத்தின் பக்கத்தில் அறிவிப்புப் போட்டாள். 'நூறு நாளில் புறப்படுகிறேன். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், கற்றுத் தருகிறேன்.' நாலாயிரம் பேர் நன்றி தெரிவித்தார்கள். முந்நூறு பேர், போவதற்கு முன் இன்னின்ன வசதிகளைச் சேர்த்துவிட்டுப் போகும்படி பட்டியல் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் பொறுப்பில்லாதவள் என்று திட்டினார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் வரவில்லை.

கப்பலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூமி ஈர்ப்புக்கு உடம்பைப் பழக்க அவளைச் சுழல் அறையில் அடைத்தார்கள். பயிற்சி அதிகாலை ஐந்தரைக்கு. பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஆறு மணிக்கு அவள் திரைக்கு முன்னால் இல்லை. நாடிமணி செய்கிறவர்கள் முந்தின நாள் தங்கள் மணியில் எதையோ மாற்றி, அதை யாருக்கும் சொல்லாமல் விட்டிருந்தார்கள்.

அன்று இதயங்கள் நான்கு நொடி நின்றன.

இருநூற்றுச் சொச்சம் பேர் மயங்கி விழுந்தார்கள். கை முறிந்தது, பல் போயிற்று, ஒருவர் சாம்பார்ப் பாத்திரத்தின் மேல் விழுந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. நிறைமதி தலைசுற்றலோடு ஓடிவந்து, ஒன்பது நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். அதற்குள் சபை அவசரமாகக் கூடிவிட்டது. ஏன் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அவளிடம் கேட்டது அது ஒன்றுதான்.

பதினோரு வருடமாகக் கிடைக்காத பணம் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது. நித்தியநாடி என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். நாற்பது ஊழியர்கள், நீலச் சீருடை, வரவேற்பறையில் செயற்கை நீரூற்று. வீட்டுக்கு மாதம் ஒன்பது நாணயம் கட்டணம். கட்டாவிட்டால் அபராதம். உண்டியலில் ஒரு நாணயம் போட யோசித்த நகரம் இந்த ஒன்பது நாணயத்தை முணுமுணுப்பில்லாமல் கட்டியது.

"பாத்தியா? ஒரே ஒரு நாள் கெட்டுது, பணம் கொட்டுது" என்றார் கோதண்டம்.

"போகட்டும்ணே. யாரோ ஒருத்தர் பாத்துக்கிட்டா சரி. நான் கிளம்பறேன்."

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். முந்நூறு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி நித்தியநாடிக்கு அனுப்பினாள். அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று அவள் திரையில் தெரியும். ஒருவரும் பார்க்கவில்லை. புதிதாகவே எழுதுகிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான் என்று எண்ணிக்கொண்டாள்.

தூத்துக்குடியிலிருந்து ஞானதுரையின் குரல் வந்தது. "மெத்தையை எடுத்துட்டுப் பலகைக் கட்டில் போட்டிருக்கேன், மதி. உன் எலும்புக்கு மெத்தை ஆவாதுன்னு டாக்டர் சொன்னாவ. வாசல்ல படி இருந்துச்சு, அதையும் இடிச்சுச் சரிவாக்கிட்டேன். நீ வந்தாப் போதும்."

அதை அவள் ஏழெட்டு முறை கேட்டாள்.

புறப்படும் நாள். கப்பல் மாலை நான்கு மணிக்கு. ஒவ்வொருவருக்கும் முப்பது கிலோ சுமைதான் அனுமதி. நிறைமதியிடம் பதினெட்டு கிலோதான் இருந்தது. ஏறுதளத்தில் அவளுக்கு முன்னால் ஆறு பேர் நின்றிருந்தபோது நித்தியநாடியிடமிருந்து செய்தி வந்தது.

'மிக அவசரம். எங்களுடைய நித்தியகணம் என்ற தயாரிப்பில் குழந்தைகளுக்கான நாடிமணியில் சோதனையின்போது மறுதொடக்கம் தவறுகிறது. பிழை தங்கள் பகுதியில் இருப்பதாகத் தெரிகிறது. நாளை காலை ஆறு மணிக்குள் சரிசெய்து தரவும். எங்கள் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள்.'

மறுதொடக்கம் தவறினால் நின்ற இதயம் மறுபடி ஓடாது. ஆனால் தங்கள் பகுதி என்றால் எது? அவள் வரிசையில் நின்றபடியே நித்தியகணத்தைத் திறந்து பார்த்தாள். மேலே புதுப் பெயர், புதுச் சின்னம். உள்ளே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருகணம். ஞானதுரை கப்பலேறிய நாளில் அவள் நடுவில் எழுதிவைத்த குறிப்புகூட அப்படியே இருந்தது: 'வழியனுப்பிவிட்டு வந்து எழுதியது. இந்த இடத்தை நாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.' சட்டப்படி அதில் தவறு ஏதும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள், விற்றுக்கொள்ளுங்கள், கேட்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

நித்தியநாடியின் அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"நாப்பது பேர் இருக்கீங்களே, உங்கள்ல ஒருத்தர் பாக்க முடியாதா?"

"அவங்க எல்லாம் வாடிக்கையாளர் சேவை மேடம். கட்டணப் பிரிவு, சட்டப் பிரிவு, விளம்பரம். நிரல்னா நீங்கதான். மூலத்துல பிழைன்னா மூலத்துக்குத்தான் எழுதணும், அதான் முறை."

"அப்ப நாளைக்குக் குழந்தைகளுக்கு மட்டும் நிறுத்தாம விட்டுடுங்க. ஒரு நாள் பிசகு பெரிசில்ல."

"ஒரு நாள் விட்டாலும் ஒப்பந்தப்படி அபராதம் மேடம். மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. அதுவுமில்லாம, நீங்க சரி பண்ணிடுவீங்கன்னு அவங்களுக்கு நல்ல நம்பிக்கை."

"நான் கப்பல்ல ஏறிக்கிட்டிருக்கேன்."

"வாழ்த்துகள் மேடம். ஏறினதும் பாத்து அனுப்பிடுங்க."

கப்பலில் ஏறிவிட்டால் நாடிமணியோடு தொடர்பு கிடையாது. சபைக்குச் சொல்லலாம் என்றால், கப்பல் புறப்படும் நாள் சபைக்கு விடுமுறை. முகுந்தன் வழியனுப்பும் மேடையில் கையசைத்துக்கொண்டிருந்தார். மேளச் சத்தத்தில் அவள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. நெஞ்சை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.

"அம்மா, ஏறறீங்களா?" என்றாள் வாயிலில் நின்ற பெண்.

"குழந்தைங்க நாடிமணி எத்தனைன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியாதே. எதுக்கு?"

முந்நூற்றுப் பன்னிரண்டு. நிறைமதிக்குத் தெரியும். ஒவ்வொன்றின் தாளமும் தெரியும். பிழையோடு ஓட்ட மாட்டார்கள், எப்படியும் தடுத்துவிடுவார்கள், கடைசி நேரத்தில் பயந்து ஒரு நாள் தள்ளிப்போடுவார்கள் என்று மனது வாதாடிப் பார்த்தது. ஒருவேளை அப்படித்தான் நடந்திருக்கும். அதை நம்பி ஏறியிருக்கலாம். ஏறியிருக்க வேண்டும் என்றுகூட நான் நினைக்கிறேன். ஆனால் ஒருவேளை என்ற சொல்லின் மேல் முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளைப் படுக்கவைக்கப் பதினோரு வருடமாக அவள் பழகியிருக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையிலிருந்து விலகினாள்.

கப்பல் நான்கு மணிக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் புறப்பட்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் பிழை சரியாயிற்று. ஆறு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் இதயங்களும் ஒன்றரை நொடி நின்று ஓடின. சில குழந்தைகள் தூக்கம் கலைந்து சிணுங்கியதோடு சரி.

ஞானதுரைக்குச் செய்தி அனுப்பினாள். பதினான்கு நிமிடம் போக, பதினான்கு நிமிடம் வர. பதில் வந்தது.

"எத்தன பிள்ளைய?"

அவள் எண்ணைச் சொன்னாள். மறுபடி இருபத்தெட்டு நிமிடம்.

"செரி. பிள்ளைய நல்லா இருக்கட்டும். நீ சாப்பிட்டியா?" பிறகு, "அப்ப மெத்தையை எடுத்துப் போட்டுக்கிடுதேன். பலகை எனக்கும் முதுகு வலிக்கத்தான் செய்யுது" என்றான்.

அப்போதுதான் நிறைமதி அழுதாள்.

கப்பலில் தலைக்கு முப்பது கிலோதான் என்று சொன்னேன்; பூமியிலிருந்து செவ்வாய்க்கு வந்தபோதும் அதே கணக்குதான். பழைய பழக்கங்களுக்கு எடை கிடையாது, ஆகவே அவை எல்லாமே வந்து சேர்ந்துவிட்டன.

அடுத்த ஆண்டு சபைக் கூட்டத்தில் நித்தியநாடியின் அறிக்கை வைக்கப்பட்டது. அனுபவமுள்ள நிறுவனம், குறைகள் கட்டத்தில் பூஜ்யம் போடவில்லை. 'ஒன்று' என்று போட்டிருந்தது. 'எங்கள் சேவை முழுவதும் ஒரு தனிநபரின் இலவச உழைப்பை நம்பியிருக்கிறது. அவர் நோய்வாய்ப்பட்டாலோ, மனம் மாறினாலோ நகரம் நின்றுவிடும். இது கடுமையான அபாயம். இந்த அபாயத்தைக் கண்காணிக்க இருபது ஊழியர்கள் தேவை.'

சபை அதிர்ந்துபோயிற்று. இவ்வளவு பெரிய அபாயத்தை இத்தனை நாள் எப்படி விட்டுவைத்தோம் என்று வருத்தப்பட்டார்கள். ஒரே ஓர் உறுப்பினர் மட்டும் எழுந்து, "அந்தப் பணத்தை அந்த அம்மாவுக்கே குடுத்துட்டா என்ன?" என்று கேட்டார்.

"அவங்க இப்ப எதுவும் கேக்கலையே" என்றார் முகுந்தன். "அதுவுமில்லாம, அவங்க இதை அன்பால செய்றாங்க. நடுவுல பணத்தைக் கொண்டுபோய் அதைக் கொச்சைப்படுத்தக் கூடாது."

கைதட்டலோடு இருபது பதவிகளுக்கும் ஒப்புதல் கிடைத்தது. கட்டணம் ஒன்பது நாணயத்திலிருந்து பதினொன்றாக உயர்ந்தது. நிறைமதியும் பாசித்தொட்டிக் கூலியிலிருந்து மாதாமாதம் கட்டுகிறாள். ஒருமுறை தாமதமாகி அபராதமும் கட்டினாள்.

அந்த இருபது பேரில் ஒருவர் அவள் சாப்பாட்டைக் கவனிக்கிறார். ஒருவர் அவள் மனநிலையைப் பற்றி வாரம் ஒரு குறிப்பு எழுதுகிறார். ஆறு பேர் மாற்று ஏற்பாடு குறித்து ஆராய்ந்து மூன்று வருடத்தில் அறிக்கை தருவார்கள். சாகுல் என்பவருக்கு எளிய வேலை. தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கதவைத் தட்டி, அவள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.

சாகுலுக்கு ஐம்பது வயதிருக்கும். மென்மையான மனிதர். சம்பளம் வந்த பிறகு மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டதாக ஒரு நாள் சந்தோஷமாகச் சொன்னார். நிறைமதிக்கும் அவரைப் பிடித்திருந்தது. தினமும் காபி கொடுப்பாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களேம்மா?" என்றார் அன்றைக்கு. "உங்களைப் பாத்துக்கற எங்களுக்கே இவ்வளவு குடுக்கறாங்கன்னா, உங்களுக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மாதான் பாக்கறேன்."

சாகுல் சிரித்துவிட்டார். "சொல்ல இஷ்டம் இல்லேன்னா விடுங்கம்மா. சும்மா யாராவது இந்த வேலை பாப்பாங்களா?"

மணி ஆறாயிற்று. இரண்டு பேரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். இதயங்கள் நின்றன, ஓடின. சாகுல் பழக்கத்தில் நெஞ்சை இரண்டு முறை தட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த திரையில் அன்றைய நன்றிகளோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது. அவர் படிவத்தை எடுத்து, உயிருடன் இருக்கிறார் என்பதற்கு நேராக 'ஆம்' என்று எழுதினார்.

"குறைகள்னு போட்டிருக்கும்மா. வழக்கம்போலத்தானே?"

நிறைமதி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தாள். தூத்துக்குடியில் வாசற்படிக்குப் பதிலாக அவளுக்காகக் கட்டிய சரிவு அப்படியேதான் இருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று ஞானதுரை போன வாரம் சொல்லியிருந்தான்.

"பூஜ்யம்னு எழுதிக்குங்க" என்றாள்.

சாகுல் எழுதிக்கொண்டார்.